நீர் தெளிந்தால் பவளம் பிழைக்குமா?

நல்ல நோக்கத்தோடு தீட்டப்பட்ட ஒரு திட்டத்தைக் குறை கூறுவது சங்கடமான வேலை. குறை கூறுபவன் அந்த நோக்கத்துக்கே எதிரி என்று எண்ணப்படக்கூடும். ஆயினும் அறிவியலின் பெயரால் ஒரு வாதம் முன்வைக்கப்படும்போது, அதில் எது மெய்ப்பிக்கப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்ப்பது அறிவியல் பயில்வோரின் கடமை.

இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்டிருப்பது, ஆஸ்திரேலிய அரசும் குவீன்ஸ்லாந்து மாநில அரசும் சேர்ந்து 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட 'ரீஃப் 2050' என்னும் நீண்டகாலத் திட்டம். உலகின் மிகப் பெரிய பவளத்திட்டுத் தொடரான கிரேட் பேரியர் ரீஃப், 2050 வரை பத்தாண்டுக்குப் பத்தாண்டு மேம்பட்டுக்கொண்டே வரவேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த இலக்கை அடைய அது பெரிதும் நம்பியிருக்கும் வழி நீர்த்தூய்மை. திட்டத்தின் வாதத்தை நம் சொற்களில் சுருக்கினால் இவ்வாறு அமையும்: கடல் சூடேறுவது உலகம் முழுவதற்கும் உரிய பிரச்சினை, உடனடியாக நம் கையில் இருப்பது நம் ஆற்று நீர், அதைத் தூய்மையாக்கினால் பவளங்கள் வலுப்பெற்று, வரப்போகும் வெப்பத்தை எதிர்கொள்ளும்.

கேட்பதற்கு மிகவும் நியாயமாகப் படுகின்ற வாதம். இதில் ஒரு பாதி சரி; மறு பாதி தவறு. எந்தப் பாதி சரி என்பதைத்தான் நாம் காணவேண்டும்.

பவளமும் பாசியும்

பவளப்பாறை உண்மையில் வெறும் பாறையன்று என்பதை வாசகர்கள் அறிவீர்கள். பாலிப் எனப்படும் மெல்லுடல் உயிரிகள் இலட்சக்கணக்கில் கூடி, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்வதால் உண்டாவது அது. இந்த உயிரிகளின் திசுவுக்குள்ளேயே ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் பாசிக்கு இருப்பிடமும் நைட்ரஜன் முதலிய சத்துக்களும் அளிக்கிறது. பவளத்தின் பழுப்பு நிறத்துக்கும் இப்பாசிகளே காரணம்.

ஓரிடத்தில் கடல்நீரின் வெப்பநிலை, அவ்விடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தால் இந்தக் கூட்டுறவு முறிகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சீர்கெட்டு, திசுவைத் தாக்கக்கூடிய ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளிருக்கும் வெண்சுண்ணாம்பு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் குடியேறும். தணியாவிட்டால் பவளம் மடியும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வெப்பம் வந்தபோது வெளிறாமல் அல்லது மடியாமல் நிற்பது ஒரு திறன். இதனைத் தாங்குதிறன் என்போம். அடிபட்டு மடிந்த இடத்தில் புதிய பவளங்கள் வேரூன்றி மறுபடி வளர்வது வேறொரு திறன். இதனை மீட்சித்திறன் என்போம். நம் திறனாய்வு முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

ஆறுகள் கொண்டுவரும் கேடு

முதலில் திட்டத்தின் சரியான பாதியைப் பார்ப்போம். கிரேட் பேரியர் ரீஃப் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ளது. தனித்தனித் திட்டுகள் ஏறக்குறைய 3,000. 1981-இல் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையோரத்தில் 35 ஆறுகளின் வடிநிலங்கள் உள்ளன. மொத்தப் பரப்பு சுமார் 4,24,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். வடக்கே மழை மிகுந்த சமவெளிகளில் கரும்பு விளைகிறது. பர்டெகின், ஃபிட்ஸ்ராய் ஆகிய பெரிய ஆறுகளின் படுகைகளில் மாடுகள் மேய்கின்றன. கரும்புத் தோட்டத்தில் இட்ட உரத்தின் ஒரு பகுதி மழையோடு கரைந்து கடலுக்குப் போகிறது. மேய்ச்சலால் புல்போர்வை இழந்த நிலத்தின் மேல்மண் வெள்ளத்தில் அரித்துக்கொண்டு போகிறது.

இதற்குச் சாட்சி பவளமே. மரத்தைக் குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரிவது போலப் பவளக் கூட்டிலும் ஆண்டுக்கொரு படலம் இருக்கிறது. ஆற்று மண்ணோடு வரும் பேரியம் என்னும் தனிமம் கடல்நீரில் கரைந்து, சுண்ணாம்புக் கூட்டில் கால்சியத்துக்குரிய இடத்தில் சிறிதளவு போய் அமர்ந்துகொள்கிறது. ஆகவே எந்த ஆண்டின் படலத்தில் பேரியம் கூடுதலாக உள்ளதோ அந்த ஆண்டு மண் கூடுதலாக வந்தது என்று படித்துவிடலாம். பர்டெகின் ஆற்றின் வெள்ளம் எட்டும் பகுதியில் எடுத்த பவளத் தூண்களை இவ்வாறு ஆராய்ந்து 2003-இல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாயின. ஐரோப்பியர் குடியேறி மேய்ச்சல் தொடங்கிய பிறகு, 1870 முதற்கொண்டு, கடலுக்கு வரும் மண் 5 முதல் 10 மடங்கு பெருகிவிட்டது என்பதே அம்முடிவு.

கலங்கிய நீர் ஒளியை மறைக்கிறது. படியும் வண்டல், இளம் பவளங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டிய தளத்தை மூடிவிடுகிறது. நைட்ரஜன் மிகுந்தால் நீரில் நுண்பாசிகள் பெருகும். அவற்றைத் தின்று வளர்பவை முட்கிரீட நட்சத்திரமீனின் குஞ்சுகள். ஒரு பெண் நட்சத்திரமீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை இடும். குஞ்சுகளில் மிகச் சிறு பகுதி கூடுதலாகப் பிழைத்தாலும், வளர்ந்தபின் அவை பவளத் திசுவைப் படையாக வந்து தின்று தீர்க்கும்.

2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு 1985 முதல் 2012 வரையிலான 27 ஆண்டுப் பதிவுகளைக் கணக்கிட்டது. உயிர்ப்பவளம் போர்த்திய பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து 13.8 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இந்த இழப்பில் 48 விழுக்காட்டுக்குப் புயல்களும், 42 விழுக்காட்டுக்கு முட்கிரீட நட்சத்திரமீனும், 10 விழுக்காட்டுக்கு மட்டும் வெளிறலும் காரணம் என்று அது கூறியது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 2015-இல் திட்டம் எழுதியவர்களின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். புயலை நிறுத்த முடியாது. வெளிறல் பத்தில் ஒரு பங்கு. நட்சத்திரமீனையோ, நீரைத் தூய்மைப்படுத்துவதன் மூலம் ஓரளவு கட்டுப்படுத்தலாம். எனவே முக்கியமான வடிநிலங்களில் கரைந்த நைட்ரஜனை 2018-க்குள் 50 விழுக்காடும், வண்டலை 20 விழுக்காடும் குறைப்பது என்று குறிக்கோள் வகுத்தார்கள். அன்றைய தகவல்களின்படி இது அறிவுக்குப் பொருந்திய முடிவே. இதில் நமக்குக் குறை இல்லை.

ஒரு படி தாண்டிய வாதம்

குறை அடுத்த படியில் வருகிறது. நீர் தெளிந்தால் பவளம் வெப்பத்தையும் தாங்கும் என்பது அந்தப் படி. இதற்கும் அறிவியல் ஆதாரம் இல்லாமலில்லை. கரைக்கு அருகிலுள்ள திட்டுகளில் கரைந்த நைட்ரஜனைக் குறைத்தால், வெளிறல் தொடங்கும் வெப்ப எல்லை ஏறத்தாழ 2 முதல் 2.5 டிகிரி வரை உயரக்கூடும் என்று 2009-இல் ஒரு கணக்கீடு வெளிவந்தது. 2013-இல் நடந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் இதற்கு ஒரு காரணத்தையும் காட்டின. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பரஸ் குறைந்திருக்கும் நீரில் பவளத்தினுள் வாழும் பாசி வேகமாகப் பெருகுகிறது. ஆனால் பாஸ்பரஸ் போதாமையால் அதன் செல்சவ்வுகளின் கொழுப்பு அமைப்பே மாறிவிடுகிறது. அத்தகைய பாசியைக் கொண்ட பவளம் வெப்பத்திலும் கடும் ஒளியிலும் எளிதில் வெளிறுகிறது.

சோதனைத் தொட்டியில் இது உண்மை. ஆனால் தொட்டியில் கிடைத்த ஒரு முடிவை 2,300 கிலோமீட்டர் நீளக் கடலுக்குப் பொருத்துமுன் அங்கும் அது செல்லுமா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை இயற்கையே நடத்தியது. திட்டம் வெளியாகி ஓராண்டு கூட நிறையவில்லை.

2016-இன் தேர்வு

2016 கோடையில் அக்கடல் அதுவரை அளந்தறியாத அளவுக்குச் சூடேறியது. ஆராய்ச்சியாளர்கள் விமானத்தில் பறந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டுகளைப் பார்வையிட்டார்கள். கடலில் மூழ்கியும் சரிபார்த்தார்கள். 1998-ஆம், 2002-ஆம் ஆண்டு வெளிறல்களின்போது பத்தில் நான்குக்கும் மேற்பட்ட திட்டுகள் தப்பியிருந்தன. இம்முறை தப்பியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஆண்டு மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையே ஆழமற்ற நீரிலுள்ள பவளங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்துவிட்டன.

எங்கே அழிவு மிகக் கடுமையாக இருந்தது என்று கேளுங்கள். வடக்கு மூன்றில் ஒரு பகுதியில். அது கரும்புத் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் வெகு தொலைவில் உள்ள, நீர் மிகத் தூய்மையான பகுதி. தெற்குப் பகுதி பெரும்பாலும் தப்பியது. காரணம், பிஜித் தீவுகளைத் தாக்கிய வின்ஸ்டன் புயலின் எச்சம் மேகத்தையும் மழையையும் கொண்டுவந்து அங்கே கடலைக் குளிர்வித்தது. 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வின் முடிவு வெளிப்படையானது: நீரின் தன்மையும் மீன்பிடிப்பின் அளவும் வெளிறலின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. ஒவ்வொரு திட்டும் எவ்வளவு வெப்பத்துக்கு ஆளானது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்

இப்போது நாம் முன்பு பிரித்து வைத்த இரண்டு திறன்களுக்கு வருவோம். திட்டமும் அதைச் சார்ந்த பேச்சுகளும் பெரிதும் கையாண்ட சொல் 'மீள்திறன்'. இந்த ஒரே சொல்லுக்குள் தாங்குதிறனும் மீட்சித்திறனும் சேர்ந்தே அடைக்கப்பட்டன. ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. திட்டத்தின் அடிப்படைப் பிழை இதுதான் என்பது என் கருத்து.

இவ்விரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. மத்திய, தென் பகுதித் திட்டுகளின் இருபதாண்டுப் பதிவுகளை அது எடுத்துக்கொண்டது. கிடைத்த விடை வியப்புக்குரியது. நீர் கெட்டிருந்த திட்டுகள் வெளிறலை அதிகமாகவே தாங்கின! இதை உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். வெயிலில் பிடித்த குடை போல, கலங்கல் நீர் கடும் ஒளியை மட்டுப்படுத்துகிறது. வெளிறலுக்கு வெப்பத்தோடு ஒளியும் துணைக்காரணம் அல்லவா? கலங்கலில் வாழப் பழகிய பவள இனங்களும் பொதுவாக வன்மையானவை.

அப்படியானால் அழுக்கு நீர் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதே ஆய்வின் மறுபக்கத்தைப் பாருங்கள். நீர் கெட்ட இடங்களில் பவளங்கள் மீண்டு வளர்வது மந்தமாக இருந்தது. நட்சத்திரமீன் படையெடுப்பும் பவள நோய்களும் அங்கே அதிகம். கூட்டிக் கழித்தால் மிஞ்சியது நட்டமே. பெருகிவரும் வெளிறலுக்கு ஈடுகொடுத்து மீள வேண்டுமானால் கரையோர, இடைப்பகுதித் திட்டுகளின் நீர்த்தன்மை 6 முதல் 17 விழுக்காடு வரை மேம்பட வேண்டும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. ஆனால் வெளிவிளிம்பில் உள்ள, வேகமாக வளர்ந்து வெப்பத்தில் எளிதில் மடியும் பவளங்கள் நிறைந்த திட்டுகளுக்கு இந்த மருந்து போதாது என்றும் சேர்த்துச் சொன்னது.

ஆகவே நம் கேள்விக்கு விடை இரண்டாகப் பிரிகிறது. நீர்த்தூய்மை பவளத்தின் தாங்குதிறனைக் கடும் வெப்ப அலையில் காப்பாற்றவில்லை. மீட்சித்திறனை வளர்க்கிறது. காயம்பட்டவருக்கு நல்ல உணவு கொடுத்தால் காயம் விரைவில் ஆறும். ஆனால் நல்ல உணவு உண்பவர் மீது கத்தி பாயாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுமுனையில் ஒரு தவறு

2016-க்குப் பிறகு இதற்கு நேர்மாறான குரலும் எழுந்தது. வெப்பமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் ஆற்று நீருக்காகப் பணம் செலவழிப்பது வீண் என்பது அது. இதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆஸ்திரேலியாவை விட்டுச் சற்று விலகி ஹவாய் தீவின் மேற்குக் கரைக்குச் செல்வோம். இதே கேள்வி அங்கேயும் ஆராயப்பட்டது. 2015-இல் அக்கரையை வெப்ப அலை தாக்கியது. இருபதாண்டுப் பதிவுகளைக் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, கழிவுநீரும் நகர ஓடைநீரும் குறைந்து, பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்களும் மிகுந்திருந்தால், வெப்ப அலைக்கு நான்காண்டுகளுக்குப் பின் திட்டில் பவளம் முதலிய திட்டு கட்டும் உயிரிகள் நிறைந்திருக்கும் வாய்ப்பு 3 முதல் 6 மடங்கு கூடுகிறது. நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பேணியதன் பயன் இது. 2016-இன் பாடத்தை இது பொய்யாக்கவில்லை. அங்கே கேட்கப்பட்டது எவ்வளவு வெளிறியது என்பது. இங்கே கேட்கப்பட்டது நான்காண்டுக்குப் பின் என்ன இருக்கிறது என்பது.

ஆனால் மீட்சிக்கும் கால அவகாசம் வேண்டும். மிக வேகமாக வளரும் பவள இனங்கள் கூட முன்னிருந்த நிலையை எட்ட 10 முதல் 15 ஆண்டுகள் பிடிக்கும். கிரேட் பேரியர் ரீஃபில் பரவலான வெளிறல் நேர்ந்த ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள்: 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024. இடைவெளிகளை நீங்களே கழித்துப் பாருங்கள். கடைசி நான்கு இடைவெளிகளில் எதுவும் மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை. எத்தனை தெளிந்த நீரும் பத்தாண்டு வேலையை மூன்றாண்டில் முடித்துத் தராது.

திட்டத்தின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு மறுப்பைக் கூறக்கூடும். 2022-இல் வடபகுதியில் உயிர்ப்பவளப் பரப்பு 36 விழுக்காடாக உயர்ந்தது. 36 ஆண்டுப் பதிவுகளில் அதுவே அதிகம். இது உண்மைதான். மீளும் ஆற்றல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அப்படி நிரப்பியவை பெரும்பாலும் விரைவில் வளர்ந்து விரைவில் மடியும் கிளைப்பவளங்கள். 2024 வெப்ப அலைக்குப் பின் அதே வடபகுதி 39.8 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது.

எழுதப்படாத பக்கம்

திட்டத்தில் உள்ளதைப் போலவே அதில் இல்லாததையும் படிக்கவேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திட்டம் பருவநிலை மாற்றமே மிகப் பெரிய அச்சுறுத்தல் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நைட்ரஜனுக்கும் வண்டலுக்கும் விழுக்காட்டுக் கணக்கில் இலக்கு வைத்த அதே திட்டம், கரியமில வாயுவுக்கு அத்தகைய இலக்கு எதையும் வைக்கவில்லை. அதே 2015-இன் அக்டோபரில் குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியில் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மத்திய அரசு அனுமதி வழங்கியது. 2021 இறுதியில் முதல் நிலக்கரி ஏற்றுமதிக்குத் தயாரானது. அது கப்பலேறும் அபாட் பாயிண்ட் துறைமுகம் இந்தப் பவளக் கடலோரத்திலேயே இருக்கிறது.

பணத்தின் கதையும் இதுவே. 2018-இல் ஓர் அறக்கட்டளைக்கு அரசு வழங்கிய 44 கோடி ஆஸ்திரேலிய டாலரில் சுமார் 20 கோடி நீர்த்தூய்மைக்கு. 2022-இல் அறிவிக்கப்பட்ட ஒன்பதாண்டுக்கான 100 கோடி டாலரில் 58 கோடி அதே பணிக்கு. செலவு தவறென்று நான் சொல்லவில்லை. இந்தச் செலவைக் காட்டி, பவளத்தைக் காக்க வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று சொல்வதுதான் தவறு. 2021-இல் யுனெஸ்கோ அமைப்பின் வரைவு அறிக்கை இப்பவளத்திட்டை அபாயத்திலுள்ள மரபுச் சொத்துகளின் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தபோது, வெப்பமாதலை மட்டுமன்றி, நீர்த்தூய்மை இலக்குகளில் காணப்பட்ட மந்தத்தையும் சுட்டிக்காட்டியது. அதாவது தேர்ந்தெடுத்த பாடத்திலேயே மதிப்பெண் குறைவு.

நேர்மைக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். திட்டம் பிறகு திருத்தப்பட்டது. 2018-ஆம், 2021-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் பருவநிலைக்கு முன்னைவிடத் தெளிவான இடம் கொடுத்தன. ஆனால் பவளத்துக்குத் தேவைப்படும் எண் மாறவில்லை. உலகின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்று பன்னாட்டுப் பருவநிலைக் குழு 2018-இல் எச்சரித்தது. உள்ளூர் நீர்த்தூய்மை பயன் தருவது, வெப்பம் அந்தக் கீழ் எல்லையில் நிறுத்தப்படும் உலகில் மட்டுமே.

வாசகர் கையில்

இந்தத் திறனாய்வு ஆஸ்திரேலியாவோடு முடியவில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றியும் பவளத்திட்டுகள் உள்ளன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியும் 2010-இலும் 2016-இலும் வெளிறலுக்கு ஆளாயிற்று. நாளை அதற்கும் திட்டங்கள் வரும். கழிவுநீரைச் சுத்திகரித்தால் பவளம் வலுப்பெறும் என்று அவற்றிலும் எழுதியிருக்கும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வலுப்பெறும் என்றால் தாங்கும் என்றா, மீளும் என்றா? மீளும் என்றால் அதற்கு எத்தனை ஆண்டு தேவை, இரண்டு வெப்ப அலைகளுக்கு இடையே அத்தனை ஆண்டு கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால், அந்த அவகாசத்தைப் பெற்றுத் தரும் கரியமில வாயுக் கட்டுப்பாடு அதே திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

மூன்றாம் கேள்விக்குப் பக்க எண் சொல்லமுடியாத திட்டத்தை, பாதித் திட்டம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தப் பாதியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மறு பாதியையும் கேட்டு வாங்க வேண்டும்.